சேது சமுத்திரத் திட்டம்: ராமர் பாலம் சர்ச்சையில் மறைந்துபோன கேள்வி... கடலைத் தோண்டினால் சேறு எங்கே போகும்?

தேர்தல் வந்தால் சேது சமுத்திரமும் வந்துவிடும். 2023 ஜனவரி 12-ல் தமிழ்நாடு சட்டமன்றம் "திட்டத்தைத் தாமதமில்லாமல் நிறைவேற்ற வேண்டும்" என்று மத்திய அரசை வலியுறுத்தி தீர்மானம் போட்டது. அன்றைக்கும் டிவி விவாதங்களில் ஓடியது ஒரே கேள்விதான்: அங்கே இருப்பது ராமர் கட்டிய பாலமா, இயற்கையான மணல்திட்டா?

இந்தக் கேள்வியின் சத்தத்தில் இன்னொரு கேள்வி அமுங்கிப்போனது. 300 மீட்டர் அகலத்துக்கு, 89 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலின் அடித்தளத்தை வெட்டி எடுத்தால் அந்தக் கடலுக்கு என்ன ஆகும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்ற ஆய்வு நடந்தது. அந்த ஆய்வு என்ன சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது, மறுபடியும் திட்டம் வந்தால் என்ன நடக்கும்? பார்க்கலாம்.

திட்டம் என்ன?

இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு வரும் பெரிய கப்பல், இந்தியக் கடல் வழியாகவே வர முடியாது. இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். காரணம், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே வரிசையாகக் கிடக்கும் மணல்திட்டுகள். ராமேஸ்வரம் பக்கம் 'தீடை' என்பார்கள். அரசு ஆவணங்களில் ஆடம்ஸ் பிரிட்ஜ், மக்கள் வாயில் ராமர் பாலம். அங்கே சில இடங்களில் தண்ணீர் ஒரு மீட்டர் ஆழம்கூட இருக்காது. அதற்கு வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவும் ஆழம் குறைந்த கடல்தான்.

இந்த மேட்டை வெட்டிவிட்டால் இலங்கையைச் சுற்ற வேண்டாம் என்ற யோசனை இன்று நேற்று வந்தது இல்லை. 1860-லேயே டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி திட்டம் கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ல் ஏ.ராமசாமி முதலியார் தலைமையில் மத்திய அரசு குழு போட்டது. அந்தக் குழு சொன்ன ஒரு விஷயத்தை இன்றைக்கு யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆடம்ஸ் பிரிட்ஜ் வழியாகக் கடலில் வெட்டும் யோசனையைக் கைவிட்டு, நிலத்தை வெட்டிக் கால்வாய் அமைப்பதே நல்லது என்றது அது. அங்கே மணல் ஓரிடத்தில் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது முக்கியக் காரணம்.

ஆனால் கடைசியில் அரசு தேர்ந்தெடுத்த 'ஆறாவது வழித்தடம்' ஆடம்ஸ் பிரிட்ஜ் வழியாகத்தான் போனது. நிலத்தை வெட்டினால் ஊர்களும் தீவை ஒட்டிய பவளப்பாறைகளும் பாதிக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம். மொத்த நீளம் 167 கி.மீ. இதில் 78 கி.மீ. இயற்கையாகவே ஆழம். மிச்சத்தில் ஆடம்ஸ் பிரிட்ஜ் பகுதியில் 35 கி.மீ., பாக் நீரிணைப் பகுதியில் 54 கி.மீ. தோண்ட வேண்டும். ஆழம் 12 மீட்டர். மதிப்பீடு சுமார் 2,427 கோடி ரூபாய். பயணத்தில் அதிகபட்சம் 424 கடல் மைல், அதாவது 780 கி.மீ. வரை மிச்சம், நேரத்தில் 30 மணி நேரம் வரை மிச்சம் என்று சொல்லப்பட்டது.

'தூர்வாருதல்' என்றால் சரியா?

இங்கே ஒரு வார்த்தைச் சிக்கல் இருக்கிறது. ட்ரெட்ஜிங் என்பதைச் செய்திகளில் 'தூர்வாரும் பணி' என்றே எழுதிவிடுகிறோம். தூர்வாருவது என்றதும் நமக்கு ஏரி, குளம், கால்வாய்தான் ஞாபகம் வரும். இருந்த ஆழத்தை மறுபடி மீட்பது அது. அதை யாராவது வேண்டாம் என்பார்களா?

கடலில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஏற்கெனவே தோண்டிய பாதையில் வந்து சேரும் வண்டலை அவ்வப்போது அள்ளுவது ஒன்று. இதற்குத் தூர்வாருதல் என்ற பெயர் பொருந்தும். இதுவரை யாரும் தொடாத கடல் அடித்தளத்தை முதல் தடவையாக வெட்டி ஆழமாக்குவது இன்னொன்று. இதில் தூரே கிடையாது, வெட்டுவது பல நூறாண்டுகளாக இறுகிக்கிடக்கும் தரை. சேது சமுத்திரம் இரண்டாவது வகை.

சட்டமும் இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. முதலில் அனுமதி வாங்கிய திட்டத்திலேயே பராமரிப்புத் தூர்வாரலும் சேர்ந்திருந்தால், பிறகு ஒவ்வொரு முறையும் தனி சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. அதாவது முதல் ஆய்வில் கோட்டைவிட்டால், அதற்குப் பிறகு கேள்வி கேட்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. அதனால்தான் முதல் ஆய்வு அவ்வளவு முக்கியம்.

எப்படித் தோண்டுவார்கள்?

மண் இளகியதாக இருந்தால், கப்பலின் பக்கவாட்டிலிருந்து பெரிய குழாயைக் கடல் அடிக்கு இறக்கி, வாக்வம் கிளீனர் மாதிரி மணலையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சுவார்கள். கப்பலின் வயிற்றில் மணல் தங்கும், மேலே நிற்கும் கலங்கல் தண்ணீர் வழிந்து மறுபடி கடலுக்கே போகும். தரை கெட்டியாக இருந்தால் பற்கள் வைத்த வெட்டும் தலை உள்ள இயந்திரம். அது தரையைச் சுரண்டி உடைத்து, உடைந்ததை உறிஞ்சும்.

இப்படி எடுக்க வேண்டிய மண்ணின் அளவு 8.25 கோடி கன மீட்டர் என்று கணக்கிட்டார்கள். ஒரு டிப்பர் லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 82.5 லட்சம் லோடு. இத்தனையையும் எங்கே கொட்டுவது? பெரும்பகுதியைக் கரையிலிருந்து தள்ளி, ஆழமான கடலில் கொட்டுவதுதான் திட்டம்.

கலங்கல் தண்ணீரால் என்ன பிரச்சினை?

மழைக்காலத்தில் கடல் தானாகவே கலங்குகிறதே, இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். கலங்கல் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள 560 சதுர கி.மீ. கடலையும் சேர்த்து கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இங்கே 3,600-க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் இருப்பதாகப் பதிவுகள் சொல்கின்றன. பவளப்பாறை, சங்கு, கடல் அட்டை, கடல் குதிரை, கடற்புல், ஆமை, கடல் பசு எல்லாம் இதில் அடக்கம்.

பவளம் பாறை மாதிரி தெரிந்தாலும் உயிருள்ள பிராணி. அதன் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. தண்ணீர் கலங்கினால் ஒளி குறையும், பாசிக்கு வேலை குறையும், பவளம் பட்டினி. மேலே வண்டல் படிந்தால் அதைத் தள்ளிவிட பவளம் சளி மாதிரி ஒரு திரவத்தைச் சுரக்கும். அதற்கும் சக்தி வேண்டும். ஒரு புயல் கலங்கல் நாலு நாளில் அடங்கிவிட்டால் சமாளித்துவிடும். வருடக்கணக்கில் நடக்கும் ட்ரெட்ஜிங் கலங்கலைச் சமாளிக்குமா என்பது வேறு கேள்வி.

கடற்புல்லுக்கும் இதே கதைதான். பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகள்தான் கடல் பசுவின் மேய்ச்சல் நிலம். நம் கடலோரத்தில் 'ஆவுளியா' என்று கூப்பிடும் இந்தப் பிராணி, வளர்ந்ததும் ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் தின்னும். குட்டி போடுவதும் சில வருடங்களுக்கு ஒரு முறைதான். மேய்ச்சல் நிலம் போனால் மறுபடி பெருகுவது கஷ்டம். இறாலும் நண்டும் பல மீன்களும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்குவது இதே புல்லுக்குள்தான். அதனால் கடற்புல் போனால் சில வருடத்தில் அது மீனவர் வலையில் தெரியும்.

நீரி அறிக்கை என்ன சொன்னது?

நாக்பூரில் இருக்கும் மத்திய அரசின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக நீரி, இந்த ஆய்வைச் செய்தது. 1998-ல் முதற்கட்ட ஆய்வு, 2004-ல் முழு அறிக்கை. ஆய்வு செய்யச் சொன்னது திட்டத்தை நடத்தும் பொறுப்பில் இருந்த தூத்துக்குடி துறைமுகப் பொறுப்புக் கழகம். இது சேது சமுத்திரத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை. இன்றைக்கும் எந்தத் திட்டமானாலும் அதைக் கொண்டுவருபவர்தான் பணம் கொடுத்து ஆய்வு நிறுவனத்தை அமர்த்துகிறார். வீட்டுக்கு வரன் பார்க்கப் போகும் தரகரிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது மாதிரி இது. தரகர் பொய் சொல்வார் என்று இல்லை, ஆனால் நாமும் நாலு இடத்தில் கேட்போம் இல்லையா?

நீரியின் முடிவு சுருக்கமாக இது: சரியான முன்னெச்சரிக்கையோடு செய்தால் திட்டம் சுற்றுச்சூழலுக்குப் பெரிய பாதிப்பைத் தராது. கால்வாய், தேசியப் பூங்காவின் சிங்கிள் தீவிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளியே போகிறது. தோண்டும்போது வரும் கலங்கல் தற்காலிகமானது, அந்தந்த இடத்தோடு நிற்கக்கூடியது.

எதிர்த்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி வரியைத்தான். 20 கி.மீ. என்பது வரைபடத்தில் அளந்த தூரம். கலங்கல் ஸ்கேல் வைத்துப் போகாது, நீரோட்டத்தோடு போகும். இந்தக் கடலில் நீரோட்டம் வருடம் பூராவும் ஒரே திசையில் ஓடுவதும் இல்லை. வாடைக்காற்று காலத்தில் ஒரு பக்கம், கச்சான் காலத்தில் இன்னொரு பக்கம். கடலுக்குப் போகும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆகவே எந்த மாதத்தில் தண்ணீரை அளந்தார்கள், எத்தனை பருவத்துக்கு அளந்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவே மாறலாம். இன்றைக்கும் பல திட்டங்களுக்கு மழைக்காலத்தை விட்டுவிட்டு ஒரு பருவத் தரவு போதும் என்றுதான் நடைமுறை. பாக் விரிகுடா மாதிரி, வடகிழக்குப் பருவமழையில் தலைகீழாக மாறும் கடலுக்கு அது போதாது.

அடுத்தது வண்டல். பாக் விரிகுடா ஒரு பெரிய கிண்ணம் மாதிரி. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அடித்துவரும் மண் இங்கே வந்து தங்குகிறது. தங்குகிற இடத்தில் பள்ளம் வெட்டினால் பள்ளம் நிறையத்தான் செய்யும். வருடத்துக்கு எவ்வளவு நிறையும், அதை அள்ள என்ன செலவு, அள்ளியதை எங்கே கொட்டுவது என்பதில் விமர்சகர்கள் அறிக்கையை நம்பத் தயாராக இல்லை. புயலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இதே கடலில்தான் அடித்தது. அப்படி ஒரு புயல் வந்தால் மாதக்கணக்கில் தோண்டியது இரண்டு நாளில் மூடிக்கொள்ளலாம்.

இதற்கு திட்ட ஆதரவாளர்களிடமும் பதில் இருக்கிறது. உலகத்தில் மண் சேராத துறைமுகக் கால்வாயே இல்லை, கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றைத் தொடர்ந்து வாரிக்கொண்டுதான் கப்பல் விடுகிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஹூக்ளியில் வாருவதற்கு ஆகும் செலவு பல பத்தாண்டுகளாக அந்தத் துறைமுகத்தின் தலைவலி என்பதும் உண்மைதான்.

95 நாட்கள்

அறிக்கை தயாரானதும் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். 2004 பிற்பாதியில் தொடங்கி கடலோர மாவட்டங்களில் கூட்டங்கள் நடந்தன. பல இடங்களில் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முழு அறிக்கை தமிழில் இல்லை, படித்துப் பார்க்காமல் எப்படிக் கருத்துச் சொல்வது என்ற புகார் அப்போதே எழுந்தது.

அதற்கிடையில் 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம் கடற்கரை நிலைகுலைந்தது. பாக் விரிகுடாவுக்கு உள்ளே இருக்கும் ஊர்களில் பாதிப்பு ஒப்பீட்டளவில் குறைவு. இலங்கைத் தீவு மறைத்து நின்றதும், ஆழமற்ற கடலும் மணல்திட்டுகளும் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டதும் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படியானால் அந்த மேட்டில் பள்ளம் வெட்டினால் அடுத்த சுனாமி எப்படி வரும்? கனடாவைச் சேர்ந்த சுனாமி ஆய்வாளர் டாட் மூர்த்தி, கால்வாய் இப்போது போட்டிருக்கும் திசையிலேயே அமைந்தால் அலையின் ஆற்றல் அதன் வழியே பாய்ந்து கேரளக் கரை வரை பாதிக்கலாம் என்று எச்சரித்தார். 2005 மார்ச்சில் பிரதமர் அலுவலகமே இதுபற்றியெல்லாம் விளக்கம் கேட்டது.

நீரி அறிக்கை எழுதப்பட்டது சுனாமிக்கு முன்னால். சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்தது 2005 மார்ச் 31-ல். சுனாமியிலிருந்து எண்ணினால் 95-வது நாள். ஜூலை 2-ல் மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 145 வருடம் காத்திருந்த திட்டம் இன்னும் ஒரு வருடம் காத்திருந்து, கடல் அடித்தளம் எப்படி மாறியிருக்கிறது என்று அளந்துவிட்டுத் தொடங்கியிருக்கலாம்.

மெல்போர்னில் என்ன செய்தார்கள்?

கிட்டத்தட்ட அதே வருடங்களில் ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி ஒரு திட்டம் வந்தது. மெல்போர்ன் துறைமுகத்துக்குப் போகும் போர்ட் பிலிப் விரிகுடாக் கால்வாயை ஆழப்படுத்தும் வேலை. அங்கேயும் 2004-ல் சூழல் அறிக்கை தயாரானது, அங்கேயும் மீனவர்களும் முக்குளிப்பவர்களும் எதிர்த்தார்கள். ஆனால் அறிக்கையைப் பரிசீலித்த சுயேச்சைக் குழு, இது போதாது, கூடுதல் ஆய்வு வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. 2005-ல் சோதனைக்காகக் கொஞ்ச இடத்தில் மட்டும் தோண்டிப் பார்த்து, கலங்கல் எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். 2007-ல் துணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரியில்தான் முழு வேலை ஆரம்பித்தது.

வேலை நடக்கும்போது கலங்கலுக்கு அளவு வைத்தார்கள். கண்காணிக்கத் தனி அலுவலகம் இருந்தது. பாதிப்பு வந்தால் எடுத்துக்கொள்ள 10 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குத் துறைமுகம் உத்தரவாதம் கட்ட வேண்டியிருந்தது. 2009 நவம்பரில் வேலை முடிந்தது. அங்கேயும் எல்லாருக்கும் திருப்தி இல்லை, கோர்ட் வரை போனார்கள். ஆனால் திட்டம் முடிந்தது. இங்கே 95 நாளில் அனுமதி வாங்கிய திட்டம்தான் பாதியில் நிற்கிறது. ஆய்வுக்கு நேரம் கொடுத்தால் வளர்ச்சி தடைபடும் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நீதிமன்றத்தில் நடந்தது என்ன?

இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுப்பிரமணியன் சுவாமி உள்ளிட்டோர் போட்ட வழக்கில், 2007 ஆகஸ்ட் 31-ல் ராமர் பாலத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தொல்லியல் துறை தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் அடுத்த மாதமே பெரும் புயலைக் கிளப்பி, வாபஸ் ஆனது. அதற்குப் பிறகு விவாதம் முழுக்க நம்பிக்கை சார்ந்ததாகவே போனது.

மாற்று வழி பார்க்க 2008-ல் ஆர்.கே.பச்சௌரி தலைமையில் குழு அமைந்தது. தனுஷ்கோடி பக்கமாகப் போகும் 4ஏ வழித்தடத்தைப் பரிசீலித்த அந்தக் குழு, பொருளாதாரம், சூழல் இரண்டு வகையிலுமே அது சரிவராது என்ற முடிவுக்கு வந்தது. 2013-ல் அன்றைய மத்திய அரசு அந்த அறிக்கையை ஏற்கவில்லை, பழைய ஆறாவது வழித்தடத்திலேயே போவோம் என்றது. 2018 மார்ச்சில் அடுத்த அரசு, ராமர் பாலத்துக்குச் சேதம் வராமல் மாற்று வழி பார்ப்போம் என்றது. இதற்குள் 700 கோடி ரூபாய்க்கும் மேல் செலவாகிவிட்டது. தோண்டிய இடத்தில் மண் மறுபடி சேர்ந்துகொண்டிருக்கும்.

கவனித்தால் ஒன்று தெரியும். திட்டத்தை நிறுத்தியது கடல் பசுவும் இல்லை, பவளப்பாறையும் இல்லை. சூழல் ஆய்வில் எழுந்த கேள்விகளுக்கு யாரும் முழுசாகப் பதில் சொல்லி முடிக்கவே இல்லை. நாளைக்கே நம்பிக்கை சார்ந்த பிரச்சினை தீர்ந்து வேறு வழித்தடம் கிடைத்தாலும், அந்தக் கேள்விகள் அப்படியேதான் நிற்கும்.

மிச்சமாகும் நேரம் உண்மையா?

சூழல் ஆய்வில் நஷ்டத்தை மட்டும் பார்ப்பதில்லை, அந்த நஷ்டத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 424 கடல் மைல், 30 மணி நேரம் என்பது எல்லாக் கப்பலுக்கும் கிடைக்கும் கணக்கு இல்லை, அது உச்ச வரம்பு. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் கப்பலுக்கு லாபம் அதிகம். ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ நேராக வரும் கப்பலுக்கு மிச்சம் ரொம்பக் குறைவு. கால்வாய்க்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும், வழிகாட்டும் பைலட்டை ஏற்ற வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். இதையெல்லாம் கழித்தால் கப்பல் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாது என்று 2007-ல் 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' இதழில் விரிவான கட்டுரையே வந்தது.

இன்னொன்று கப்பலின் அளவு. 12 மீட்டர் ஆழக் கால்வாயில் சுமார் 10.7 மீட்டர் வரை தண்ணீருக்குள் அமிழும் கப்பல்தான் போக முடியும். சுமார் 30,000 டன் அளவுக்கான திட்டம் அது. இன்றைய பெரிய கண்டெய்னர் கப்பல்கள் 14 மீட்டருக்கு மேல் அமிழ்பவை. அவற்றுக்கு இந்தக் கால்வாய் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அதற்காக இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்றால் 8.25 கோடி கன மீட்டர் கணக்கும் கூடும்.

மீனவர் எங்கே போவார்?

ராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம்... இந்த ஊர்ப் படகுகளுக்கு ஒரு பக்கம் கரை, மறுபக்கம் 1974 ஒப்பந்தம் போட்ட சர்வதேச எல்லைக்கோடு. நடுவில் இருக்கும் கொஞ்சக் கடல்தான் பிழைப்பு. கால்வாய் போவது அந்த எல்லைக்கோட்டை ஒட்டி. அதாவது நடுவில் இருக்கும் கொஞ்சத்திலும் ஒரு நெடுஞ்சாலை. ராத்திரி வலை விரித்துவிட்டுக் காத்திருக்கும் படகுக்கும், அந்த வழியே வரும் சரக்குக் கப்பலுக்கும் யார் குறுக்கே யார்? வலை அறுந்தால் யாரிடம் போய்க் கேட்பது? கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள் கேட்டது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான்.

எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் மீனவர்கள் இருக்கிறார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்கு இதே கடல்தான். இலங்கையும் அப்போதே தன் கவலைகளைத் தெரிவித்தது. ஆனால் இந்திய ஆய்வு இந்தியக் கடலோடு நின்றுகொண்டது. கலங்கல் தண்ணீருக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. ஆடம்ஸ் பிரிட்ஜின் தன் பக்கத்துப் பகுதியை இலங்கை 2015-ல் தேசியப் பூங்காவாகவே அறிவித்துவிட்டது.

மறுபடி வந்தால் என்ன ஆகும்?

2004-ல் அளந்த கடல் இப்போது இல்லை. மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் 2010-லும் 2016-லும் கடல் சூடாகி வெளுத்துப்போயின. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பை இந்தியாவின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நான்கு மாதம் கழித்து, அதே விரிகுடாவில் கால்வாய் தோண்டச் சொல்லி சட்டமன்றத்தில் தீர்மானம். இரண்டும் ஒன்றாக நடக்க முடியுமா என்பதை ஒரு புதிய ஆய்வுதான் சொல்ல வேண்டும். அடிப்படைத் தரவு மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது என்பது அமைச்சகத்தின் நடைமுறை. ஆகவே பழைய நீரி அறிக்கையைத் தூசி தட்டி எடுத்துவர முடியாது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ல் வந்த அறிவிக்கை. அதன்படி முதலில் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று நிபுணர் குழு பட்டியல் கொடுக்கும். பிறகு வரைவு அறிக்கை. அதன் சுருக்கம் தமிழிலும் வர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னதாகவே அறிவிப்புக் கொடுத்து, கலெக்டர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமையில் கூட்டம் நடத்த வேண்டும். கூட்டத்தில் பேசியது அனைத்தும் வீடியோவில் பதிவாக வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் எழுத்திலும் அனுப்பலாம். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்டு இரண்டு முறையும் தள்ளிப்போனது. இந்தக் கூட்டங்கள் வெறும் சடங்கு என்று நினைத்தால் அந்த அனுபவத்தைப் பார்க்கலாம்.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது சுருக்க அறிக்கையின் முதல் பக்கத்தை இல்லை. தண்ணீரை அளந்த மாதங்கள், மண் கொட்டும் இடத்தின் வரைபடம், வருடாந்திரத் தூர்வாரலின் அளவு, இந்த மூன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் அதையே எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்ததற்கு இறுதி அறிக்கையில் பதில் இருந்தாக வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால் எதிர்த்து முறையிடும் இடம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதற்கு 30 நாள் அவகாசம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். 90 நாளைத் தாண்டிவிட்டால் மனுவை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள்.